வெள்ளி, அமாவாசை பார்த்து ஓடிய கம்ப்யூட்டர்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று கூப்பிடுகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள். அவர்தான் நமக்குச் சோறு போடுகிறவர். ஓடுகிறது என்று கூப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

நான் சிவகாசியில் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். மேஜைக்கு அடியில் புகுந்து ஒயர் தேடுவது இந்தத் தொழிலில் பாதி. முட்டி மடங்க மறுத்த அன்றைக்கு அந்தப் பாதி போய்விட்டது. கடைச் சாவியை உங்களைப் போன்ற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். தொழிலின் மீதிப் பாதி வாய். அது இன்னும் பழுதில்லாமல் ஓடுவதால் இதை எழுதுகிறேன். எந்த ஒயரை எங்கே செருகுவது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கை நடுங்குகிற நேரத்தில் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம். அந்த நேரத்தில் என் தலை இருந்த இடத்தைச் சொல்கிறேன். நீங்கள் அங்கே வைக்காமல் இருந்தால் போதும்.

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அண்ணாச்சி ஒருவர். அவர் வீட்டு மருமகள் முத்துக்கனி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருந்த பெண். பட்டாசுப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற லேபிளில் மயில் தோகை விரிப்பதும் சிங்கம் வாயைத் திறப்பதும் இவள் கையில் சரளமாக வரும். கல்யாணமான பிறகு அந்தக் கை சும்மா இருந்தது. கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டிலிருந்தே நம்ம கம்பெனி லேபிளைச் செய்கிறேன் என்று மாமனாரிடம் சம்மதம் வாங்கினாள். அண்ணாச்சி சம்மதித்த விதம் இப்படி: "செய்யி தாயி. ஆனா வீட்டுல தொந்தரவு வரக் கூடாது."

அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவன் நான். பெரிய வீடு என்பதால் பகட்டாக இருக்கட்டுமே என்று ஒரு கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தேன். நெற்றியில் வட்டமாக ஒரு பெரிய பொத்தான், அழுத்தினால் சுற்றிலும் நீல வெளிச்சம். "தொட்டாப் போதும், அழுத்தக்கூட வேண்டாம்" என்று விளம்பரம் செய்துவிட்டு வந்தேன். தொழிலில் நாம் பெருமையாகச் சொல்கிற வாக்கியம்தான் பின்னால் வந்து நம் காலை வாரும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சீசன் சூடு பிடித்த நேரத்தில் கனி கூப்பிட்டாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர் தானா ஓடுது."

"நல்லதுதானம்மா."

"தானா ஓடுதுண்ணே. யாரும் போடாம. காலையில வந்து பார்த்தா ஓடிக்கிட்டிருக்கு."

உடனே போனேன். முதலில் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். பையிலிருந்து துணியை எடுத்து கேபினெட்டை நன்றாகத் துடைத்தேன். நம்ம ஊரில் சந்தனம் குங்குமம் இல்லாத மெஷின் ஏது? கட்டிங் மெஷினில் இருந்து கிரைண்டர் வரைக்கும் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டுதான் நிற்கும். பொட்டைத் துடைக்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததே இல்லை நான். சுத்தமான வேலைக்காரன் என்று பெயர்.

துடைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினேன். "யாராவது தொட்டீகளா?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன். கனி இல்லை என்றாள். அவள் கணவன் லோடோடு வடக்கே போயிருந்தான். அண்ணாச்சியின் மனைவி, "அது பக்கம் நான் எதுக்குப் போறேன்" என்றார். அண்ணாச்சியைக் கேட்டபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியைப் பாதியில் விழுங்கிவிட்டேன்.

"நான் எதுக்குலே அதைத் தொடுறேன்? எனக்கு அதுல என்ன சோலி?"

யாரும் தொடவில்லை என்றால் கோளாறு உள்ளேதான். தானாக விழிக்கச் சொல்லும் அமைப்பு எதுவும் இருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் அணைத்தேன். நெட் ஒயரைக் கழற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். இதெல்லாம் நீங்களும் செய்வீர்கள். அடுத்த வாரம் மறுபடி அழைப்பு வந்தது. போனேன், துடைத்தேன், கழற்றினேன், மாட்டினேன். அதற்கு அடுத்த வாரமும் அழைப்பு வந்தது. அந்த முறை போனபோது அண்ணாச்சி நாற்காலியைப் போட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உக்காரு. நம்ம கம்பெனியில வெடிமருந்து செட்டுக்குள்ள போறதுக்கு முந்தி செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போறோம். எதுக்கு?"

"உடம்புல இருக்க கரண்டு இறங்கணும்னு."

"செல்போனை வாசல்லயே வாங்கி வச்சிருதோம். இரும்புச் சாமானை உள்ள விடுறதில்ல. அம்புட்டும் எதுக்கு? எதுவும் தானாப் பத்திரக் கூடாதுன்னு. வாழ்நாள் முச்சூடும் இதே வேலையா இருக்கேன். இங்கன என் வீட்டுக்குள்ளயே ஒண்ணு தானாப் பத்துது."

"பத்தல அண்ணாச்சி, ஓடுது."

"தானா ஓடுறதுக்குத் தானாப் பத்த எம்புட்டு நேரமாகும்?"

நான் குனிந்து பெட்டியின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"பிளக்கைப் பிடுங்கி வச்சா ஓட மாட்டேங்குது மாமா" என்றாள் கனி, மெதுவாக.

"பிடுங்கி வச்சாத்தான் அடங்கும்னா அது வீட்டுல வைக்கிற சாமானா தாயி? நாளைக்குப் பிடுங்க மறந்தா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கடைக்கு எடுத்துட்டுப் போ. சரி பண்ணிக் கொண்டா. அதுக்கப்புறமும் தானா ஓடுச்சுன்னா இரும்புக் கடைக்காரனை வரச் சொல்லிருவேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கனி பின்னாலேயே வந்தாள். "அண்ணே, இது போச்சுன்னா இன்னொண்ணு வாங்க விட மாட்டாக. அவுக கோவத்துல சொல்லல, பயத்துல சொல்றாக. கோவம்னா பேசிச் சரி பண்ணிரலாம். பயத்தை என்ன பண்ண? நான் மறுபடியும் சமையக்கட்டுக்குத்தான் போகணும்."

கடையில் அந்தப் பெட்டி ஒரு வாரம் இருந்தது. சமர்த்தென்றால் அப்படி ஒரு சமர்த்து. போட்டால் ஓடியது, அணைத்தால் தூங்கியது. அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதைத் திட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணே, ஓடிருச்சு. மாமா இன்னும் கவனிக்கல, நான் அணைச்சுட்டேன்."

"கனி, இதுவரைக்கும் என்னைக்கு என்னைக்கு ஓடுச்சு, யோசிச்சுச் சொல்லு."

"இன்னைக்கு வெள்ளி. உங்க கடைக்குப் போறதுக்கு முந்தின வெள்ளி. அதுக்கு முந்தின ரெண்டு வெள்ளி. நடுவுல ஒரு புதன்."

"புதனா? ஏன் புதன்?"

"அன்னைக்கு அமாவாசைண்ணே."

இங்கேதான் என் தலை போன இடத்தைச் சொல்ல வேண்டும். படித்தவன், பத்திரிகையில் இரண்டு முறை கட்டுரை எழுதியவன், சிவகாசியில் இருந்து காரியாபட்டி வரைக்கும் கம்ப்யூட்டர் என்றால் என்னைக் கூப்பிடு என்று பெயர் வாங்கியவன். என் புத்தி இப்படி ஓடியது: குறித்த நேரத்தில் தானாக எழுந்திருக்கும்படி கம்ப்யூட்டரில் அமைக்க முடியும். வெள்ளிதோறும் என்றுகூட அமைக்கலாம். ஆனால் விண்டோஸுக்கு அமாவாசை தெரியாது. வைரஸுக்கும் தெரியாது. எங்கோ வெளிநாட்டில் இருந்து திருடுகிறவனுக்கும் தெரியாது. அமாவாசை தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"பேய்க்கு லேபிள் டிசைன் தெரியுமா?"

"விளையாடாத."

"பின்ன எதுக்கு அது கம்ப்யூட்டரைப் போடுது? படம் பார்க்கவா?"

அடுத்த வெள்ளி வேறு வழியில்லை, நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தேன். விடிந்ததும் கிளம்பினேன். நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம். அதே பையில் மல்டிமீட்டர். எது முதலில் தேவைப்படும் என்று எனக்கே நிச்சயமில்லாததால் இரண்டையும் கைக்கு எட்டும்படி வைத்திருந்தேன். "நீங்க போய்ப் பிடிக்கப் போறீகளா, இல்ல அது உங்களைப் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள் என் மனைவி.

கனி பின்வாசல் வழியாக உள்ளே விட்டாள். கம்ப்யூட்டர் இருந்தது முன்னறையில். அதற்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை ஒரு கண் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். அண்ணாச்சியின் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் இருட்டாக இருந்தது. எனக்கு மட்டும் காதுக்குள் ஃபேன் ஓடியது.

பூஜை அறையில் மணிச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி வெளியே வந்தார். வேட்டி, வெறும் மேல், தோளில் துண்டு. இடது கையில் தட்டும் மணியும் ஒன்றாக. தட்டில் சந்தனக் கிண்ணம், குங்குமம், சூடம். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் கம்பெனிக்குப் போய் ஒவ்வொரு செட்டு வாசலிலும் பொட்டு வைப்பது அவர் வழக்கம். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் தொழில் சாமான்களுக்கு வைத்துவிட்டுப் போவார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பீரோவுக்கு வைத்தார். தராசுக்கு வைத்தார். தையல் மெஷினுக்கு வைத்தார்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடினார். இடது கையில் மணி கணகணவென்று அடித்தது. வலது கட்டை விரலில் சந்தனத்தை எடுத்து, நெற்றியில் வட்டமாக இருந்த அந்தப் பெரிய பொத்தானின் நடுவில், அன்பாக, அழுத்தமாக, ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம் வைத்தார். நீல வெளிச்சம் சந்தனத்துக்கு அடியில் மங்கலாக எரிந்தது. ஃபேன் கிளம்பிய சத்தம் மணிச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது அடுத்து வாசலில் இருக்கும் ஸ்கூட்டர்தான் ஞாபகம். போய்விட்டார்.

திரை மெதுவாக வெளுத்தது.

கனி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. ஒவ்வொரு வாரமும் நான் வந்ததும் முதல் வேலையாகத் துணியால் பளபளவென்று துடைத்து எறிந்தது அந்தப் பொட்டைத்தான். பொத்தானின் மேலேயே சாட்சி உட்கார்ந்திருந்தது. என் கையாலேயே அழித்துவிட்டுப் பேயைத் தேடியிருக்கிறேன்.

இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "யார் தொட்டது?" என்று எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். அது போலீஸ் கேட்கிற கேள்வி. எல்லோரும் இல்லை என்பார்கள், எல்லோரும் உண்மையைத்தான் சொல்வார்கள். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, சாமி கும்பிட்டார். "காலையில் இந்த அறையில் என்னென்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அது விருந்தாளி கேட்கிற கேள்வி. காபியோடு பதில் வரும்.

ஆனால் பாடம் புரிந்துவிட்டதால் நெருக்கடி தீர்ந்துவிடாது. வாசலில் இருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"கனி, இங்க வா தாயி. பாரு. மறுபடியும் பத்திருச்சு பாரு."

"நீங்க சொல்லுங்கண்ணே" என்று கிசுகிசுத்தாள் கனி.

"நானா? நீதான் மருமக."

"அதனாலதான் சொல்றேன், நீங்க சொல்லுங்க. மாமா பேய் மாதிரி வந்து போட்டுட்டுப் போறாகன்னு நான் எப்படிச் சொல்றது?"

நான் முன்னறைக்குள் போனபோது நிலைமை இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. இரும்புக் கடைக்காரர் மூன்று சக்கர வண்டியோடு வாசலில் நின்றார். போன வெள்ளி கனி அணைத்துவிட்டாள் என்றாலும் அண்ணாச்சிக்கு விஷயம் எப்படியோ எட்டியிருக்கிறது. ஆளை முன்னாடியே வரச் சொல்லி வைத்திருக்கிறார். கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுவாண்ணாச்சி?" என்று பெட்டியின் இரண்டு பக்கமும் கையை வைத்துவிட்டார். கனி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீ எப்பலே வந்த?"

"இப்பத்தான் அண்ணாச்சி. கோளாறு பிடிபட்டிருச்சு. சுவிட்சுதான். லேசாத் தொட்டாலே ஓடிருது."

"யாரு தொட்டது?"

பாருங்கள், அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். உண்மை என் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறொன்று.

"எலி, அண்ணாச்சி."

"எலியா?"

"ஆமா. ராத்திரி... காலையில... ஓடும்போது மேல ஏறி மிதிச்சிருது."

அண்ணாச்சி யோசித்தார். இத்தனை வருஷம் கம்பெனி நடத்தியவர். ஒரு பொய் எந்த இடத்தில் ஈரமாக இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்.

"எலி வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வருமா?"

தம்பிமாரே, இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். பயந்தவன் வாய் மூடாது.

"அமாவாசைக்கும் வரும் அண்ணாச்சி."

அண்ணாச்சியின் உதடு லேசாக அசைந்தது. "வெள்ளிக்கிழமை. அமாவாசை." பெட்டியைப் பார்த்தார். பொத்தானின் நடுவில் ஈரம் காயாத சந்தனம், அதன் மேல் குங்குமம், அதைச் சுற்றி நீல வெளிச்சம். பிறகு தன் வலது கட்டை விரலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். கனி தரையைப் பார்த்தாள். எதுவும் தெரியாத இரும்புக் கடைக்காரர், "தூக்கவா அண்ணாச்சி?" என்றார்.

"இருலே."

அண்ணாச்சி என்னிடம், "அதை அணை" என்றார். அணைத்தேன். வெளிச்சம் போனது. அவர் முன்னால் போய் நின்றார். இந்த முறை மணி இல்லை, கண்ணையும் மூடவில்லை. கட்டை விரலைப் பொத்தானில் வைத்தார். நீலம் எரிந்தது. விரலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்கியது. என்னவோ ஏதோ என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சிரிக்கிறார். சத்தம் வராமல் தொடங்கி, துண்டால் கண்ணைத் துடைக்கிற அளவுக்குப் போனது.

"ஏலே, இவன் சொன்ன எலி நாந்தாம்லே. தூக்குறதுன்னா என்னைத் தூக்கி வண்டியில வையி."

இரும்புக் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிட்டா இருப்பீகளே அண்ணாச்சி" என்றார்.

கனி அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து வந்தது. அந்த வீட்டில் மாமனார் முன்னால் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவளே திடுக்கிட்டுப் பாதியில் நிறுத்தினாள். அண்ணாச்சி கையை ஆட்டி, சிரி சிரி என்றார்.

சிரிப்பு ஓய்ந்ததும் எனக்குத் தொழில் ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, இந்தப் பெரிய பொத்தான் ஒயரைக் கழற்றிக் கீழ இருக்க சின்னப் பொத்தானுக்கு மாத்திருதேன். அப்புறம் நீங்க எம்புட்டுப் பொட்டு வச்சாலும் ஓடாது."

கழற்றுவதற்காக ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிட்டேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எதுக்கு மாத்தணும்? தானாப் பத்துனாத்தான் பயம். நான் பத்த வச்சா என்ன பயம்?" என்றவர், பெட்டியை உள்ளங்கையால் தட்டினார். "கம்பெனியில செட்டுக்குப் பொட்டு வச்சா உடனே ஆளு உள்ள போயி வேலையை ஆரம்பிக்கும். இங்கன பொட்டு வச்சிட்டு நான்பாட்டுக்குப் போயிருதேன். வேலைக்கு ஆளு உக்காந்திருக்கான்னு பார்க்கிறதே இல்ல. தப்பு அங்கதான் இருக்கு." கனி பக்கம் திரும்பினார். "தாயி, வெள்ளிக்கிழமை நான் பொட்டு வைக்கையில நீ நாற்காலியில இருக்கணும்."

"மாமா, அம்புட்டு வெள்ளனாவா?"

"லேபிளு லேட்டுன்னா லோடு லேட்டு."

"அப்ப அமாவாசைக்கு லீவு வேணும் மாமா."

"அதைப் பிறகு பேசுவோம்."

இரும்புக் கடைக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். எனக்கும் கொடுத்தார்கள். என் சட்டைப் பை உப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அது என்னலே, எலிக்குக் கொண்டாந்தியா?" என்றார் அண்ணாச்சி. எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கனியிடம் கொடுத்து, ஜூஸ் போட வைத்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டேன்.

சில வாரம் கழித்து வேறு வேலையாக ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கனி தலைக்குக் குளித்து ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி மணியடித்து வந்து பொட்டு வைத்தார். நீலம் எரிந்தது. வழக்கம்போல ஸ்கூட்டருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். திரையில் பாதி முடிந்த ஒரு லேபிள் வந்தது. மயில், ஒரு பக்கத் தோகை மட்டும்.

"இது என்ன ரகத்துக்கு தாயி?"

"புது ராக்கெட்டுக்கு மாமா. இன்னும் முடியல."

"கழுத்துக்கு என்ன கலர் போடப் போற?" என்று கேட்டபடி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.